கூட்டுக்கிணற்றில் நயினார் பங்கு

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் மீன்வளத் துறைக்குப் புதிதாக வந்த நீங்கள் எல்லோரும் சேர்ந்து, அதே வேலையைப் பார்த்துவிட்டு விட்டுவந்த என்னைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி ஒன்றுதான். "மேடம், இவ்ளோ சொல்றோம், படம் போட்டுக் காட்றோம், குட்டையும் வெட்டிக் குடுக்கறோம். அப்பவும் ஏன் மீன் வளக்க வரமாட்டேங்கறாங்க?" டீ ஆறிக்கொண்டிருந்தது, பஸ் வேறு வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து நாக்கு அரிக்கிறது. மனதில் உள்ளதைப் பேசி முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது செஞ்சி முழுக்கத் தெரிந்த சேதி. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். வேண்டாம்தான். ஆனால் ஆயுசு முழுக்கச் சேற்றில் காலூன்றி நின்ற குடியானவரைப் போய்த் தண்ணீரை நம்பு என்று சொல்வது வேறு சமாச்சாரம். அனந்தபுரம் சந்தையில் ஒரு பெரியவரிடம் இப்படித்தான் மல்லுக்கட்டினேன்.

"நெல்லுன்னா தெனம் போயி பாக்கலாம் மேடம். பச்சையா இருக்குதா, பழுத்துச்சான்னு தெரியும். இது தண்ணிக்குள்ள இருக்குது. இருக்குதா, பூட்ச்சான்னு யாருக்குத் தெரியும்?"

"மல்லாட்டையும்தான் மண்ணுக்குள்ள இருக்குது. அத நம்பி வேர்க்கடலைச் செக்கே வெச்சிருக்கீங்களே?"

"மல்லாட்ட ஓடாதே மேடம்!"

சந்தையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காட்ட எடுத்த படங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அதே சமயம், வல்லம் பக்கத்தில் ஒருவர் நான் கூப்பிடாமலேயே வந்து நின்றார். என்ன விஷயம் என்று பார்த்தால், அவர் மனைவி அண்ணன் வீட்டுக்குப் போனபோது குட்டை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். வந்த கையோடு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அண்ணன் வீட்ல கொல்லையிலேயே மீனு. இங்க கருவாட்டுக்குக்கூட பஸ் புடிக்கணும்" என்றாராம். ஒரு கூட்டம், ஒரு பயிற்சி, ஒரு துண்டறிக்கை எதுவும் செய்யாததை ஒரு சட்டிக் குழம்பு செய்துவிட்டது.

வருவதற்கும் வராததற்கும் சொல்கிற இந்தக் காரணங்களையெல்லாம் நான் மேல்தண்ணீர் என்பேன். சூடாகவும் இருக்கும், சில்லென்றும் இருக்கும். நாளுக்கு நாள் மாறும். அடித்தண்ணீர் எது என்று எனக்குக் காட்டியது சிங்கவரம் போகிற வழியில் உள்ள ஒரு குட்டை. அது தேவகியின் குட்டை.

தேவகிக்கும் அவள் கணவர் ஏழுமலைக்கும் கையகல நிலம். மழைத்தண்ணீரைத் தேக்குவதற்காக வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார்கள். குட்டை இருக்கட்டும், மீன் எதற்கு என்பது ஏழுமலையின் கட்சி. "நமக்கு நெலம் இருக்குது, மாடு இருக்குது. மூணாவதா ஒண்ணு எதுக்குடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தேவகி விடவில்லை. ஒரு மழைக்காலம் பூராவும் சோறு போடும்போது பேசி, மாடு கறக்கும்போது பேசி, தூங்கப்போகிற மனுஷனிடம் பேசி, கடைசியில், "ஆள விடு தாயே, என்னமோ பண்ணு" என்று சொல்ல வைத்தாள். கட்லா, ரோகு மீன் குஞ்சுகளை விட்டோம்.

ஆனால் இதில் மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். தேவகியின் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் இவர்கள் முறை, மறு நாள் அவர் முறை. அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த வீட்டார் செஞ்சிக் கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே இங்கே ஏர் ஓட்டியவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவருக்கு ஒரு பேர் இருந்தது, ஆனால் சமணரை இங்கே அழைக்கிற வழக்கப்படி எல்லோருக்கும் அவர் நயினார்தான். பொழுது சாய்ந்தால் ஒரு வாய் சாப்பிடமாட்டார். நடக்கும்போது எறும்புச் சாரையைக் கண்டால் சுற்றிப் போவார். வாய் மட்டும் கத்திரி.

குஞ்சு விடுவதற்கு முன்னால் தேவகி அவரிடம் போய்ச் சொன்னாள். நானும் கூட இருந்தேன். எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்.

"தேவகி, உன் மொற தண்ணில நீ இன்னா வேணா வளத்துக்கோ. நான் ஒரு வார்த்த கேக்கமாட்டேன். ஆனா கொல்றதுக்காக வளக்கற ஒண்ணுக்கு என் மொறையில சொட்டுத் தண்ணி கேக்காத. எனக்கு அது ஆகாது. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

நேர்மையான பேச்சு. தேவகி, "சரிங்க நயினாரே" என்றாள். வெளியே வந்ததும் ஏழுமலைதான் முணுமுணுத்தார்: "மீனத் தின்னாதவனுக்குக் கிணத்துல பாதி. நல்லா வளந்துரும் மீனு!"

கூட்டுக்கிணற்றுச் சங்கதி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அங்கே பத்திரத்தைவிடப் பெரிது முறை. ஒருவர் தன் முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால், வாங்கியவர் வேறொரு நாள் தன் முறையைத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தண்ணீரில் பிழைத்த பயிர் எதுவோ, அதில் ஒரு பங்கும் போக வேண்டும். கேட்டு வாங்குவதில்லை, களத்திலிருந்தே போய்விடும். அதேபோல் கேட்காமல் ஒரு மண்வெட்டி மண்ணைத் தள்ளித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் அவ்வளவுதான். "மடையத் திருப்பினவன் மச்சானா இருந்தாலும் பகை" என்று களை எடுக்கிற பெண்கள் சொல்வார்கள். அண்ணன் தம்பி பேசாமல் போன கதை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை!

தை போய் மாசி வந்தது. மீன்கள் கையளவு வளர்ந்துவிட்டன. தேவகி தவிடு தூவினால் தண்ணீரே கொதிப்பது போல மேலே வரும். அதைப் பார்க்கப் பார்க்க ஏழுமலைக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் குடியானவர் என்ன செய்வார்? எரு போடுவார். கொஞ்சம் சாணம் கரைத்து விடலாம், அது மீனுக்கு இரை உண்டாக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்தக் 'கொஞ்சம்' என்கிற சொல் ஏழுமலையின் காதில் ஏறவில்லை. நெல் வயலுக்கு அடிப்பதுபோல ஒரு டிராக்டர் டிப்பர் எருவைக் குட்டையில் கவிழ்த்துவிட்டார். தேவகி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து, அவள் வந்ததும் அசத்திவிடலாம் என்று!

தண்ணீர் பாசிபிடித்துப் பச்சைக் கூழானது. அந்த நேரம் பார்த்துக் காலம் தப்பி மேகம் கூடியது. கோட்டை மலை நாள்கணக்கில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றது. வெயில் இருந்தால் அந்தப் பாசி பகலில் தண்ணீருக்குள் காற்றை உண்டாக்கும். வெயில் இல்லையென்றால் இருக்கிற காற்றையும் அதுவே இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும்.

விடிந்தும் விடியாமல் தேவகியிடமிருந்து போன். முதலில் ஒரு வீடியோ. குட்டை முழுக்க வாய். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது சிலது வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. தேவகி இடுப்பளவு தண்ணீரில் நின்று குடத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "மேடம், இந்தக் குட்ட செத்துச்சுன்னா எங்க வீட்ல என் பேச்சும் செத்துச்சு. இனிமே நான் எதச் சொன்னாலும் இத்தச் சொல்லியே வாய மூடுவாங்க" என்றாள். அவளுக்கு அன்று மிதந்துகொண்டிருந்தது மீன் மட்டுமில்லை.

வேப்பங்கிளையை ஒடித்துத் தண்ணீரை அடிக்கச் சொன்னேன். அடித்தால் கொஞ்சம் காற்று கலக்கும். அது ஒரு மூச்சு நேரத்துக்குத்தான் தாங்கும். புதுத் தண்ணீர் வேண்டும், உயரத்திலிருந்து விழ வேண்டும். தண்ணீரோ எங்களுக்கு இரண்டடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேஸ் கரண்ட் வந்து, ஆட்டோமேட்டிக்கில் மோட்டார் ஓடி, வாய்க்கால் நிறையத் தண்ணீர் குட்டைக்கரையை உரசிக்கொண்டு நயினாரின் மல்லாட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று அவர் முறை. அவர் வீட்டில், காலைப் பூஜையில்.

ஏழுமலை மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். "ஒரு வெட்டு மேடம். ஒரே வெட்டு. அவரு பூஜ முடிச்சி வர்றதுக்குள்ள அடச்சிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இந்த நிமிஷம் இல்லை. மீன் நிபுணத்துவத்தை மட்டும் கேட்டால் 'வெட்டு' என்றுதான் சொல்லும். மீன் பிழைக்கும். ஆனால் அந்த ஒரு வெட்டில் கிணறு இரண்டாகிவிடும். இந்த வருஷ மீன் பிழைத்து, அடுத்த எல்லா வருஷத்து மீனும் செத்துப்போகும். நான் மண்வெட்டியின் காம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நீங்க போயி கேளுங்க மேடம்" என்றார் ஏழுமலை. "ஆபீஸ்லேர்ந்து வந்து சொன்னா மரியாதைக்காவது கேப்பாரு."

அதுவும் உண்மைதான், நான் போனால் அவர் ஒருவேளை கொடுத்திருப்பார். அப்படிக் கொடுத்தால் அது எனக்குக் கொடுத்த தண்ணீர். நான் மொபெட்டில் ஏறிப் போன பிறகு அடுத்த கோடைக்கு இவர்கள் யாரை அனுப்புவார்கள்? ஆபீஸ் நாற்காலியைக் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. இறக்கினால் அது அங்கேயே மக்கிக் கிடக்கும், யாருக்கும் உதவாது.

"நான் தண்ணிய அடிக்கறேன். கிணத்துப் பங்காளிங்க நீங்க. நீங்கதான் போவணும்" என்றேன்.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். தேவகி என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், குடத்தைக் கரையில் வீசினாள். சேறு சொட்டச் சொட்ட வரப்பில் ஓடினாள். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, வேப்பங்கிளையால் தண்ணீரைப் பேயோட்டுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியதைக் கேட்காதீர்கள். கிளையின் இலை உதிர உதிர, 'தப்பாகச் சொல்லிவிட்டோமோ, தப்பாகச் சொல்லிவிட்டோமோ' என்றேதான் அடித்தேன்.

அவள் என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல மேடம். 'தண்ணி கேக்க வர்ல நயினாரே. ஒருவாட்டி வந்து பாருங்க'ன்னேன். அவ்ளோதான்."

நயினார் வந்தார். நெற்றியில் சந்தனம் காயவில்லை. கரையில் நின்று முதலில் ஏழுமலையைத்தான் பார்த்தார்.

"இன்னா ஏழுமல, இது குட்டையா, கூழா?"

"எரு போட்டேன் நயினாரே."

"எவ்ளோ?"

"ஒரு டிப்பரு."

"நெல்லுக்குப் போடறப்ப இந்தக் கை வராதே உனக்கு. போனவாட்டி உன் நாத்து மஞ்சளா நின்னுச்சே, அப்ப எங்கடா இருந்துது இந்த எரு?"

அந்த நேரத்திலும் தேவகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்த சிரிப்பு. பிறகு நயினார் குட்டையைப் பார்த்தார். காலடியில் ஒரு மீன் கரையோரமாக ஒதுங்கி வாயைத் திறந்தது. அடுத்து இன்னொன்று. அவர் வாயும் மெல்லத் திறந்ததை நான் பார்த்தேன். மூச்சு முட்டுகிறவரைப் பார்த்தால் நம்மை அறியாமல் நாமும் மூச்சை இழுப்போமே, அப்படி.

வேட்டியை மடித்துக் கட்டினார். ஏழுமலை கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். தன் மல்லாட்டைக்குப் போகிற வாய்க்கால் கரையைத் தானே வெட்டினார்.

தண்ணீர் குட்டைக்குள் விழுந்தது. நயினார் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"கொல்றதுக்குத் தண்ணி தரமாட்டேன்னு சொன்னேன். சாவறத நின்னு வேடிக்க பாக்கறேன்னு சொன்னனா?"

நான் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "நாளைக்கு இதையே வல போட்டுப் புடிப்பாங்க. எனக்குத் தெரியாதா? அது அவங்க பாடு. இன்னிக்கி இது என் கண்ணுல பட்டுடுச்சி." அப்புறம் தண்ணீர் விழுகிற இடத்தைப் பார்த்து, "இப்பிடி விழுந்தாப் போதுமா?" என்றார். ஒரு பலகைக்கல்லை நடுவில் போட்டால் தண்ணீர் உடைந்து சிதறும், காற்று நிறையக் கலக்கும் என்றேன். கல்லை அவரே புரட்டிப் போட்டார். சரியாகச் சிதறவில்லை என்று இரண்டு முறை நகர்த்தினார்.

கரண்ட் நிற்கிறவரை தண்ணீர் ஓடியது. மதியத்துக்கு மேல் மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கொஞ்சம் போய்விட்டது, பெரும்பங்கு பிழைத்தது. ஆனால் அன்று நயினாரின் மல்லாட்டை காய்ந்தது. பூவிலிருந்து விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்று உங்களில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். தேவகி மறுநாள் தன் முறையை அப்படியே அவருக்கு விட்டாள். தவறின தண்ணீர் தவறினதுதான்.

சித்திரையில் மீன் அறுவடை. எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் அவ்வளவு கூட்டம் கூடிய குட்டை வேறு இல்லை. நயினார் அன்று விடிகாலையிலேயே உறவினர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வலையை இழுத்துப் போட்டதும் தேவகி ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, துள்ளுகிற மீன்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டாள். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருக்கிற ஏழுமலையே பதறிப்போனார்.

"ஏய், நல்ல மீனாப் பாத்து எங்கடி எடுத்துனு போற?"

"பங்கு குடுக்கறப்போ சொத்தையாவா குடுப்பாங்க?"

"யாருக்குப் பங்கு?"

"நயினாருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "மீன் கழுவுன தண்ணிகூட மேல படக்கூடாதும்பாரு, அவருக்குப் பங்காம்!" என்றது ஒரு குரல். தேவகி காதில் வாங்கவில்லை. ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானுமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனோம். கூட்டுக்கிணற்றின் படியில் இறங்கி, அண்டாவை மெல்லச் சாய்த்தாள். மீன்கள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கி, பளிச்சென்று ஒரு திருப்பு திரும்பி, ஆழத்துக்குப் போயின.

"சாப்படாதவருக்கு எப்படிப் பங்கு குடுக்கறதுன்னுதான் மேடம் இத்தினி நாளா ரோசன. மீனா குடுக்க முடியாது, வித்த காசையும் தொடமாட்டாரு. அவரு காப்பாத்துனது உசுரு. உசுராவே குடுத்துட்டேன்" என்றாள். கிணற்று மீனில் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று ஏழுமலையும் சத்தமாகச் சொன்னார், ஊருக்குக் கேட்கிற மாதிரி.

ஊர் திரும்பிய நயினார் கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்புறம் என்ன செய்தார் என்று கேட்டேன். "அடுத்த நாளு வேட்டி மடியில பொரி எடுத்துனு வந்தாரு" என்றாள் தேவகி.

இதற்குப் பிறகுதான் உங்கள் கேள்விக்கான பதில் எனக்குக் கிடைத்தது. அதுவரை நான் கூப்பிட்டும் வராதவர்கள் தேவகியின் குட்டையைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் கேட்டது என்ன விலை போனது, எவ்வளவு எடை நின்றது என்றா? அதெல்லாம் கடைசியில். முதல் கேள்வி, "நயினாரு எப்படி ஒத்துக்கினாரு?" ஏனென்றால் அவர்களும் பாதிக் கிணற்றுக்காரர்கள். அவர்களுக்கும் முறைக்கு மறுபக்கம் ஓர் ஆள் இருக்கிறார்: பேசாத பங்காளியோ, வம்பு பிடித்த சித்தப்பனோ. அந்த ஆளைத் தாண்டிக் குட்டைக்கு வர அவர்களுக்கு வழி தெரியவில்லை. நாமோ இத்தனை நாளாகக் குட்டைக்கு மட்டும் படம் போட்டுக்கொண்டிருந்தோம். மல்லாட்டை ஓடாது என்று என்னை மடக்கினாரே அனந்தபுரத்துப் பெரியவர், அவரையும் ஏழுமலை கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பொரி தூவிக் காட்டினார். கட்லாவின் முதுகு மேலே புரண்டது. "ஓடலியே?" என்றாராம் ஏழுமலை. பெரியவர் இப்போது குட்டைக்காரர்.

அதனால் நீங்கள் ஒருவர் நிலத்துக்குப் போனால் குட்டைக்கு இடம் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பாருங்கள். யாருடைய முறை என்று கேளுங்கள். மறுபக்கத்து ஆளின் வீட்டிலும் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் நயினாரே எனக்குப் போன் செய்தார். நான் வேலையை விட்ட பிறகு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், கெணத்துல இருக்குதே, அது முட்ட வெக்குமா?"

"வெக்காது நயினாரே. கட்லா, ரோகுக்கெல்லாம் ஓடற தண்ணி வேணும். கெணத்துல உசுரோட இருக்கும், பெருகாது."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற ஓசை கேட்டது.

"அப்போ வருசா வருசம் அந்தப் பொண்ணுதான் கொண்டாந்து விடணும்."

"ஆமாங்க."

"அதுக்கு அவ வருசா வருசம் வளக்கணும்."

"ஆமாங்க நயினாரே."

"கோடைல வந்து என் மொற தண்ணியக் கேப்பாளே?"

"கேப்பாங்க."

மறுபடியும் மோட்டார் ஓசை.

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.